தீர்க்காதே என்றால் கேட்காதே என்றா பொருள்?

கோத்தகிரிப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் சபை. போன ஆண்டு வருடாந்திரக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஆலயத்து நிலத்துல இருந்த சில்வர் ஓக் மரத்தை வெட்டி வித்தோமே, எத்தனை மரம், என்ன விலைக்குப் போச்சு?" குரலை உயர்த்தவில்லை. யார் பெயரையும் இழுக்கவில்லை. கமிட்டியில் மூத்த ஒருவர் எழுந்து பதில் சொன்னார்: "தீர்க்காதிருங்கள்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு தம்பி. மத்தவங்களை ஜட்ஜ் பண்ண நாம யாரு?" கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஜெபம் பண்ணி முடித்தார்கள். வெளியே தேநீரும் வர்க்கியும் கொடுத்தார்கள்.

வர்க்கியைத் தேநீரில் நனைத்துக்கொண்டே பேச்சு வேறு பக்கம் திரும்பியது. சபைப் பெண் ஒருத்தி, கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பிவந்து அப்போது ஆறு மாதமாகத் தாய் வீட்டில் இருந்தாள். "அவ சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்றார் ஒருவர். "வளர்ப்பு சரியில்ல" என்றார் இன்னொருவர். அரை மணி நேரத்துக்கு முன் மரக் கணக்குக்குக் காவலாக நின்ற அந்த வசனம், ஒரு பெண்ணுக்குக் காவலாக யார் வாயிலும் வரவில்லை.

அன்றிலிருந்து இந்த வசனத்தை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்க வேண்டிய இடத்தில் வாயை அடைக்கவும், வாயை அடக்க வேண்டிய இடத்தில் மறந்துபோகவும் ஒரே வசனம் எப்படிப் பயன்படுகிறது என்பது எனக்குத் தீராத வருத்தம். அது உண்மையில் என்ன சொல்கிறது என்று எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

மத்தேயு 7ஆம் அதிகாரம், முதல் வசனம். நம் வீடுகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கிறது: "நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." இதில் 'குற்றவாளிகளென்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். கிரேக்க மூலத்தில் அப்படித் தனிச் சொல் கிடையாது. 'க்ரினோ' என்ற ஒரே வினைச்சொல்தான் இருக்கிறது. அதற்குப் பிரித்தறிவது, தெரிந்தெடுப்பது, முடிவெடுப்பது, வழக்கு விசாரிப்பது, தண்டனை சொல்வது என்று பல பொருள் உண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே மாதிரி அகலமான ஒரு சொல்லை வைத்துக்கொண்டது. அந்தச் சொல்தான் இன்று 'ஜட்ஜ் பண்ணாதீங்க' என்று நம் பேச்சில் புழங்குகிறது. ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் வரைக்கும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது அதற்கு அர்த்தம், என்னைப் பற்றி நீ எந்தக் கருத்தும் வைத்துக்கொள்ளாதே என்பது.

நம்முடைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அப்படி விட்டுவிடவில்லை. இங்கே பேசப்படுவது குற்றவாளி என்று முத்திரை குத்துவது என்று புரிந்துகொண்டு, அந்தச் சொல்லையும் சேர்த்தே எழுதினார்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பிலும் 'குற்றவாளிகள்' என்ற சொல் இருக்கிறது. மூல மொழி படித்தால்தான் வேதம் விளங்கும் என்று சொல்கிறவன் நான் இல்லை. இந்த இடத்தில் நம் பாட்டிமார் எழுத்துக்கூட்டி வாசித்த தமிழே போதும்.

அந்த 'தீர்' என்ற சொல் இன்னும் ஆழமானது. அரிசி தீர்ந்தது, கடன் தீர்ந்தது, நோய் தீர்ந்தது, வழக்கு தீர்ந்தது என்கிறோம். எதுவாக இருந்தாலும், ஒன்று தன் முடிவுக்கு வந்துவிட்டது, இனி அதில் மிச்சம் இல்லை. தீர்ப்பு என்பதும் அதுதான். இனிப் பேச்சில்லை. ஆளைத் தீர்த்துக்கட்டினான் என்றால் கொன்றுவிட்டான் என்று அர்த்தம். 'அவ சின்னதுலேருந்தே அப்படித்தான்' என்ற வாக்கியம் செய்ததும் இதைத்தான். ஒரு பெண்ணின் பிறப்பு முதல் இன்று வரை எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்து, இனி அவள் வேறு மாதிரி இருக்கவே முடியாது என்று கணக்கை மூடிவிட்டது. மரம் எத்தனை என்று கேட்டவர் எதையும் மூடவில்லை. மூடியிருந்ததைத் திறக்கச் சொன்னார்.

லூக்கா இதே போதனையை 6ஆம் அதிகாரத்தில் சொல்லும்போது இன்னும் தெளிவாகிறது. தீர்க்காதிருங்கள் என்பதற்கு அடுத்து, ஆக்கினைக்குள்ளாகும்படி தீர்க்காதிருங்கள் என்று வருகிறது. அதற்கும் அடுத்து "விடுதலைபண்ணுங்கள்". எதிர்ச்சொல் எது என்று பார்த்தால் தடுக்கப்பட்டது எது என்று தெரிந்துவிடும். விடுதலைக்கு எதிரானது கட்டிவைப்பது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இதற்கு ஒரு கால அளவும் கொடுக்கிறார். கர்த்தர் வருமளவும் "காலத்துக்குமுன்னே" தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்கிறார் (4:5). கதை முடியுமுன் முடிவுரை எழுதாதே என்பது போல. ஆனால் அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே, தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்தும் பாராமல் இருந்ததற்காக அதே சபையைக் கடுமையாகக் கண்டிக்கிறார், அவனைப் புறம்பாக்கவும் சொல்கிறார். இரண்டும் ஒரே கடிதம், ஒரே கை. செயலைத் தவறு என்று சொல்வதும் மனிதனை முடித்துவிடுவதும் அவருக்கு வேறு வேறாக இருந்தன.

இயேசுவும் அப்படித்தான். தீர்க்காதிருங்கள் என்று சொன்ன அதே அதிகாரத்தில், ஆட்டுத்தோல் போர்த்திவரும் கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள், கனிகளினாலே அவர்களை அறிவீர்கள் என்கிறார். பார்த்துப் பகுத்தறியாமல் எப்படி அறிவது? யோவான் 7:24இல் நேராகவே சொல்லிவிடுகிறார்: "தோற்றத்தின்படி தீர்ப்புச்செய்யாமல், நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள்." ஓய்வுநாளில் ஒரு மனிதனைச் சுகமாக்கியதற்காக அவர்மேல் எரிச்சல்பட்டவர்களிடம் சொன்னது அது. ரஷ்ய எழுத்தாளர் தல்ஸ்தோய் இந்த வசனத்தை வைத்து நீதிமன்றங்களே கூடாது என்ற முடிவுக்குப் போனார். அவ்வளவு தூரம் போகச் சபைகள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் ஒப்புதல் இல்லை. கோர்ட்டும் இல்லாமல் போனால் அடிபட்டவள் எங்கே போவாள்?

இரண்டாம் வசனத்துக்கு வருகிறேன். "நீங்கள் அளக்கிற அளவின்படியே உங்களுக்கும் அளக்கப்படும்." முதல் வசனத்தை எல்லாரும் சொல்கிறார்கள், இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கோ முழுப் போதனையும் இதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

இது இயேசு புதிதாக உண்டாக்கிய உவமையும் இல்லை. மனிதன் எந்த அளவால் அளக்கிறானோ அதே அளவால் அவனுக்கும் அளக்கப்படும் என்ற வாக்கு யூத ரபீமாரின் போதனைத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. இயேசுவுக்கு ஒரு தலைமுறை முந்திய ஹில்லேல் என்ற ஆசிரியர், உன் அயலானுடைய இடத்துக்கு நீ போய்ச் சேரும்வரை அவனைத் தீர்க்காதே என்றார். இதற்கெல்லாம் வேர் உபாகமம் 25ஆம் அதிகாரத்தில் உள்ள சந்தைச் சட்டம் என்று நினைக்கிறேன்: "உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம்." வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல் வைத்துக்கொள்ளாதே. அதே சட்டத்தை மனிதர்களை நிறுப்பதற்கும் வைத்தார் இயேசு.

இரண்டு கல் என்றால் என்ன என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருந்தது. பறித்த கொழுந்தைச் சாலையோரத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோய் ஏஜெண்டிடம் போடுவோம். மழை நாளில் இலை ஈரமாக இருக்கும், அதற்குக் கழிவு உண்டு. 100 கிலோவுக்கு 10, சில நாள் 12 என்று அவர் வாயில் வந்ததுதான் கணக்கு. அப்பா வீடு வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வருவார். "கொள்ளைக்காரன். இவனெல்லாம் நல்ல சாவு சாவமாட்டான்." கழிவு அதிகம் என்பது உண்மைதான், அதை இன்றும் சொல்வேன்.

எங்கள் தோட்டத்தில் நாலு அக்காமார் கிலோக் கணக்கில் கொழுந்து பறித்தார்கள். அவர்கள் பறித்ததை வீட்டில் நிறுத்துவோம். தராசு எங்கள் கொட்டகை உத்திரத்தில் தொங்கும். அப்பா முள்ளைப் பார்த்துச் சொல்ல, நான் நோட்டில் எழுதுவேன். ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கு என்று ஒரு கிலோ கழிப்பது எங்கள் வழக்கம். நான் ஆறாவது படித்த வருடம். ஒரு நாள் சாயங்காலம், வந்தவர்களில் மூத்த அக்கா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, வெறுஞ்சாக்கு ஒரு கிலோவா இருக்கும்?" நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் வெறுஞ்சாக்கை எடுத்துத் தராசில் மாட்டினார். முள் அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை.

சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது, நோட்டில் எத்தனை பக்கம் பின்னால் போக முடிந்ததோ அவ்வளவுக்கும் கணக்குப் பார்த்து, அதிகமாகக் கழித்த கிலோவுக்கெல்லாம் பணம் சேர்த்துக் கொடுத்தார் அம்மா. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. அடுத்த வாரம் கொழுந்து போடப் போகும்போது அம்மாவும் கூட வந்தார். ஏஜெண்டிடம், "அண்ணே, ஈரத்துக்குக் கழிக்கறது நியாயந்தான். எவ்வளவு ஈரம்னு எதை வச்சுப் பாக்கறீங்க? அதை எங்களுக்கும் காட்டுங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அப்பா கத்தியபோதெல்லாம் பதிலுக்குக் கத்திய அந்த மனிதர் அன்று கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அப்புறம், பேக்டரியில் தனக்கு வெட்டுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவர் அடியோடு மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு குத்து இலையைக் கையில் எடுத்துப் பிழிந்து காட்டிவிட்டுத்தான் கழிவு சொன்னார். 12 என்ற எண்ணை நாங்கள் மறுபடி கேட்கவில்லை.

மத்தேயு 7இன் முதல் ஐந்து வசனத்தை யாராவது விளக்கச் சொன்னால் எனக்கு இதற்கு மேல் விளக்கம் தெரியாது. "மாயக்காரனே! முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு. பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்." முன்பு, பின்பு என்ற இரண்டு சொல்லில் வரிசை இருக்கிறது. துரும்பு அங்கேயே கிடக்கட்டும், உனக்கென்ன என்று இயேசு சொல்லவில்லை. வசனம் முடியும்போது துரும்பு வெளியே வந்தாக வேண்டும். சகோதரனுக்குக் கண் உறுத்துகிறது, அவனுக்கு உதவி வேண்டும். நாம் பாதி வசனத்தோடு நிறுத்திக்கொள்வதால் அந்த உதவி அவனுக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

'மாயக்காரனே' என்ற இடத்தில் மூலத்தில் உள்ள சொல், மேடையில் வேடம் கட்டும் நடிகனைக் குறிப்பது. பொது மொழிபெயர்ப்பு 'வெளிவேடக்காரரே' என்று சொல்வது அதற்கு ரொம்ப நெருக்கம். 'வகைபார்ப்பாய்' என்ற இடத்தில் மூலம் தெளிவாக, ஊடுருவிப் பார்ப்பதைச் சொல்கிறது. மூன்றாம் வசனத்தில் சும்மா பார்ப்பதற்கு ஒரு சொல், ஐந்தாம் வசனத்தில் இந்தச் சொல். அம்மா ஏஜெண்டைப் பார்த்த பார்வைக்கும் அப்பா பார்த்ததற்கும் இருந்த வித்தியாசம் அது. சாக்கை நிறுத்துப் பார்த்த பிறகுதான், தராசுக்கு முன்னால் நிற்கும் எவனுக்கும் கை நழுவும் என்பது அம்மாவுக்குத் தெரிந்தது.

தேயிலைக் காட்டில் கண்ணில் தூசி விழுவது தினமும் நடப்பது. கவாத்து வெட்டும் நாளில் கேட்கவே வேண்டாம். விழுந்தவள் கண்ணைக் கசக்குவாள். பக்கத்து நிரையில் இருப்பவள், "கசக்காத, இப்படிக் காட்டு" என்று கூடையை இறக்கிவைத்துவிட்டு வருவாள். தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவாள். ஒரு விரலால் இமையைத் தூக்கி, முந்தானை நுனியை நனைத்து முறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தொடலில் எடுப்பாள். எட்ட நின்று அதைச் செய்ய முடியாது. அவசரத்தில் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, தூசி விழுந்தவள் முகத்தைக் கொடுக்க வேண்டும். யாரை நம்புகிறாளோ அவளுக்குத்தான் கொடுப்பாள். நம் சபையில் தவறு செய்த பிள்ளைகள் நம்மிடம் முகத்தைக் கொடுப்பதில்லை என்றால், நம் கையைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

நாலாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவில் மத்தேயு நற்செய்தியைத் தொடர்ந்து பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், இந்த இடத்துக்கு வரும்போது, தவறியவனைத் திருத்து, ஆனால் தண்டனை வசூலிக்கும் எதிராளியாகப் போகாதே, மருந்து கொண்டுபோகும் வைத்தியனாகப் போ என்ற பொருளில் பேசினார். பவுலின் கலாத்தியர் நிருபத்திலும் இதே தொனி. ஒருவன் தவறில் அகப்பட்டால் சாந்தமுள்ள ஆவியோடே அவனைச் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்கிறார் (6:1). அந்தச் சொல்லின் மூலம், மாற்கு நற்செய்தியில் செபெதேயுவின் பிள்ளைகள் படவில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்தார்களே, அங்கே வரும் அதே வினைச்சொல். கிழிந்த வலையை யாரும் கடலில் எறிவதில்லை, மடியில் போட்டு முடிச்சுப் போடுகிறார்கள்.

கிறிஸ்தவர் அல்லாத தமிழர்களுக்கும் இது அந்நியமான பேச்சு இல்லை. "தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றங் காண்கிற்பின் என்குற்ற மாகும் இறைக்கு" என்கிறது 436ஆம் குறள். அரசனுக்குச் சொன்னது. அரசன் பிறர் குற்றத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது, அது அவன் வேலை. அவனுக்கும் வள்ளுவர் வைக்கும் வரிசை இதேதான்.

உத்திரம் என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயம் ஞாபகம் வரும். 1829இல் அஸ்திவாரக் கல் போட்டு, அடுத்த ஆண்டு பிரதிஷ்டை செய்தார்கள். நீலகிரியின் பழைய ஆலயங்களில் ஒன்று. உள்ளே போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், கூரையைத் தாங்கும் கனத்த மரங்கள் தெரியும். அந்தப் பெரிய உத்திரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்டு, யானைகளை வைத்து மலையேற்றப்பட்டது. திப்பு போரில் விழுந்தது 1799இல். 30 வருடம் கழித்து, ஜெயித்தவர்கள் தோற்றவனுடைய வீட்டு மரத்தின் கீழே உட்கார்ந்து, உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு என்ற வசனத்தை வாசித்திருக்கிறார்கள். இன்று அங்கே ஆராதிக்கிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. நானும் அங்கே முழங்கால் படியிட்டிருக்கிறேன். ஆனால் அந்த மரத்தைப் பார்க்கும்போது, எங்கள் வீட்டுக் கொட்டகை உத்திரமும் அதில் தொங்கிய தராசும் கண்முன் வந்து நிற்கும்.

அந்த ஆலயம் யார் பெயரால் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்தேவான், கிறிஸ்துவுக்காக முதலில் உயிர் கொடுத்தவர். அப்போஸ்தலர் நடபடிகள் 7ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி அவருடைய பேச்சு. ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்ட அவர், "வணங்காக் கழுத்துள்ளவர்களே" என்று அந்தப் பெரியவர்களை முகத்துக்கு நேரே அழைக்கிறார். தீர்க்கதரிசிகளில் யாரை உங்கள் பிதாக்கள் துன்பப்படுத்தாமல் விட்டார்கள் என்று கேட்கிறார். மழுப்பவே இல்லை. அவரைப் பட்டணத்துக்கு வெளியே தள்ளிக் கல்லெறிகிறார்கள். கல் விழுந்துகொண்டிருக்கும்போது முழங்கால்படியிட்டு அவர் சொன்ன கடைசி வாக்கு: "ஆண்டவரே, இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்." குற்றத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதும், குற்றவாளி என்று அவர்கள் கணக்கை மூட மறுத்ததும், ஒரே மனிதர், ஒரே அதிகாரம்.

அன்று கல்லெறிந்தவர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழற்றி ஒரு வாலிபனுடைய காலடியில் வைத்தார்கள். அவன் பெயர் சவுல். அவனைக் கொலைக்கு உடந்தை என்று அந்த இடத்திலேயே தீர்த்திருந்தால் அதில் ஒரு பொய்யும் இருந்திருக்காது. எல்லாச் சாட்சியும் அவனுக்கு எதிராக இருந்தது. தீர்க்கப்படாமல் விடப்பட்ட அந்த வாலிபன்தான் பின்னால் பவுல் ஆனான். ரோமருக்கு எழுதினான்: "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" (14:4). அந்தக் கேள்வியை எழுதும்போது அவன் கண்முன் தன் காலடியில் கிடந்த துணிமூட்டை வந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இந்த மலையின் பழைய குடிகளான படுகரிடமும் நாம் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. பாசல் மிஷன்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கேத்தியில் தங்கி, லூக்கா நற்செய்தியைப் படுக மொழிக்குக் கொண்டுபோனவர்கள். தீர்க்காதிருங்கள் என்ற 6ஆம் அதிகாரமும் அதோடு போயிருக்கும். ஆனால் படுகரின் சாவுச் சடங்கில் அதற்கு முன்பிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர் ஒருவர் பிணத்தின் அருகே நின்று பாவங்களை வரிசையாகச் சொல்வார், கூடி நிற்பவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் அதை ஆங்கிலத்தில் பதிப்பித்திருக்கிறார். சகோதரர்களைப் பிரித்தது, எல்லைக் கல்லை நகர்த்தியது, அடுத்தவன் எருமை நிறையக் கறப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது, வழி கேட்டவனுக்குத் தப்பு வழி காட்டியது, குளிரில் விறைத்தவனுக்கு நெருப்புத் தராதது. இப்படியே போகும். கடைசியில், இவையெல்லாம் சடங்கில் அவிழ்த்துவிடப்பட்ட கன்றோடு போகட்டும் என்று முடியும்.

இதில் என்னை உலுக்குவது, அந்தப் பட்டியல் செத்தவனுடைய சொந்தப் பட்டியல் இல்லை என்பதுதான். அவன் எல்லைக் கல்லை நகர்த்தினானா என்று யாரும் விசாரிப்பதில்லை. அவனுடைய முன்னோர் செய்தது, மனிதர் செய்யக்கூடியது எல்லாம் அதில் உண்டு. யார் செத்தாலும் அதே பட்டியல். சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் நாளைக்கு அதேதான். குற்றத்துக்கு அங்கே பெயர் இருக்கிறது, எதையும் பூசி மெழுகவில்லை. குளிரில் நடுங்கியவனுக்கு நெருப்புத் தராதது பாவம் என்று ஊர் நடுவில் உரக்கச் சொல்கிறார்கள். ஆனால் தனியாக ஒருவன் தலையில் மட்டும் அதை வைப்பதில்லை. படுகருடைய நம்பிக்கையும் கிறிஸ்தவ நம்பிக்கையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒரே அளவால் எல்லாரையும் அளப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க, எங்கள் மலையில் இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

இனி, இந்த வசனம் எங்கே ஆபத்தாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதை வைத்து நடக்கும் கொடுமை எனக்குத் தெரிகிறது. புருஷன் அடிக்கிறான் என்று வந்த பெண்ணிடம், "அவரை நியாயந்தீர்க்காதேம்மா, ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. பிள்ளைகளிடம் தகாதபடி நடந்தவனைப் பற்றிப் பேச்சு வந்தால், உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லெறியட்டும் என்று வாயை அடைக்கிறவர்களும் உண்டு. யோவான் 8ஆம் அதிகாரத்தில் இயேசு அந்தச் சொல்லை யாருக்காகச் சொன்னார்? கல்லைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு நடுவே, தனியாக நிறுத்தப்பட்ட ஒருத்திக்காக. விபசாரத்தில் பிடிபட்டவள் என்றார்கள், கூட இருந்த ஆணைக் கொண்டுவரவே இல்லை. அங்கேயும் இரண்டு நிறைகல். ஒடுக்கப்பட்டவளைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையை ஒடுக்குகிறவனுக்குக் கேடயமாகக் கொடுப்பது, வேதத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. அதே சம்பவத்தின் முடிவில் அவளிடம் அவர் சொன்னது, "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை, நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே." தவறைத் தவறு என்றார், அவளைப் போகவும் விட்டார். அடி வாங்குகிறவள் போலீசுக்குப் போவது தீர்ப்பு இல்லை. சாட்சி சொல்வது தீர்ப்பு இல்லை. அடித்தவனை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதும் தீர்ப்பு இல்லை.

சபைக்குள்ளே தவறு நடந்தால் என்ன செய்வது என்று மத்தேயு 18ஆம் அதிகாரம் வழியும் சொல்கிறது. முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல். கேளாவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. சபைக்கும் செவிகொடாவிட்டால் அவன் உனக்கு அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் இருப்பானாக. கடைசி வரி கடுமையாகத் தெரியும். ஆனால் இது யார் பெயரால் வழங்கும் நற்செய்தி என்று பாருங்கள். மத்தேயு, ஆயத்துறையில் வரி வசூலிக்க உட்கார்ந்திருந்தவன், என் பின்னே வா என்று அழைக்கப்பட்டவன். ஆயக்காரன் என்பதும் அங்கே முடிந்துபோன கதை இல்லை.

நாங்கள் இந்த வரிசையையும் தலைகீழாகத்தான் செய்கிறோம். தனியாகப் போய்ச் சொல்வது கிடையாது, முதலில் வர்க்கியோடு ஊருக்கே தெரியும். தாய் வீட்டுக்கு வந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் இத்தனை மாதத்தில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டோமா? எனக்குத் தெரிந்து என் மனைவி மட்டும் ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டேன். "கொழுந்து விலை, அவங்கம்மா மூட்டுவலி, அப்புறம் கொஞ்சம் அழுதா" என்றாள். மீதியைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடி வருடாந்திரக் கூட்டம் வருகிறது. இந்தத் தடவை கேள்வியை எழுத்தில் கொடுப்பது என்று முடிவு செய்து, போன வாரம் ஒரு தாளில் எழுதினேன். 'ஆலயத்து மரப் பணத்தைக் கையாடியவர்கள்' என்று ஆரம்பித்திருந்தேன். இரண்டு நாள் மேசையில் கிடந்தது. கையாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது, கணக்கு வரவில்லை என்பது மட்டும்தான். அந்த மரத்தின் கிளைகளில் ஒரு ஜீப் லோடு விறகு எங்கள் வீட்டு அடுப்புக்கும் வந்தது, யாருக்கும் நான் காசு கொடுக்கவில்லை என்பதும் அந்த இரண்டு நாளில்தான் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் விறகுக்கான பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மாற்றி எழுதினேன். இப்போது அதில் நாலு வரிதான் இருக்கிறது. எத்தனை மரம் வெட்டப்பட்டது? யாருக்கு, என்ன விலைக்கு விற்கப்பட்டது? பணம் எந்தத் தேதியில் வங்கியில் கட்டப்பட்டது? ரசீதைச் சபையார் பார்க்கலாமா?